மொய் அவர்களுக்கு, கடன் நமக்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. இரண்டில் எதில் இறங்கினாலும் போட்ட எஸ்டிமேட் ஒன்றாக இருக்கும், ஆகிற செலவு இன்னொன்றாக இருக்கும். சரி. இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே முகூர்த்தத் தேதிக்குள், உலகத்தையே வரச்சொல்லிவிட்டுச் செய்தால் எப்படி இருக்கும்?

அதற்குப் பெயர்தான் ஒலிம்பிக்.

எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். மூத்த மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை, அந்த மகளுக்குப் பிறந்த பெண் பத்தாவது பரீட்சை எழுதும்வரை கட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால் கடைசிவரை முகம் மலர்ந்துவிடும். 'ஊரே மூக்கு மேல விரல வச்சிச்சுடா!' என்பார். வட்டி எவ்வளவு கட்டினீங்க பெரியப்பா என்று கேட்டால் மட்டும், மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நாடுகளும் அப்படித்தான். போட்டி நடத்திய பெருமையைக் கேளுங்கள், விடிய விடியப் பேசும். பற்று வரவு கேளுங்கள், வானத்தைப் பார்க்கும்.

நான் பி.காம். படித்தவன். ஓடுவது, தாண்டுவது, குண்டு எறிவது எதுவும் எனக்கு வராது. ஆனால் யார் எந்தப் பக்கம் எழுத வேண்டியதை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் ஓரளவு கண்டுபிடிக்க முடியும். அந்தக் கண்ணோடு கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

முதலில் கனடா. மாண்ட்ரியல் நகரம்.

மாண்ட்ரியலுக்கு ழான் டிராப்போ என்று ஒரு மேயர். லேசுப்பட்ட ஆளில்லை. 1966-ல் நகரத்துக்கு மெட்ரோ ரயில் கொண்டுவந்தவர். அடுத்த வருடமே எக்ஸ்போ 67 என்ற உலகக் கண்காட்சியை நடத்தி, ஐந்து கோடிப் பார்வையாளர்களை வரவழைத்துக் காட்டியவர். அப்படிப்பட்டவர் 1970-ல் மாஸ்கோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் ஓரங்கட்டிவிட்டு 1976 ஒலிம்பிக்கை வாங்கிக்கொண்டு வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கைதட்டினார்கள்.

செலவுக்கு? கவலையே படாதீர்கள் என்றார் டிராப்போ. லாட்டரி நடத்துவோம், நினைவு நாணயம் விற்போம், தபால்தலை விற்போம், போட்டி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். 1973-ல் அவர் சொன்ன ஒரு வாக்கியம் சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டது. ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படிப் பிள்ளை பிறக்காதோ, அப்படி ஒலிம்பிக்கில் பற்றாக்குறையும் வராது!

என்ன ஆயிற்று?

ஸ்டேடியத்தின் டிசைனுக்குப் பாரிஸிலிருந்து ரோஜர் தாய்பெர் என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தார்கள். மனிதர் வரைந்து கொடுத்தது பிரமாதமான டிசைன். ஸ்டேடியத்துக்கு மேலே ஒரு சாய்ந்த கோபுரம். 165 மீட்டர் உயரம். அந்தக் கோபுரத்திலிருந்து கேபிள்கள் தொங்கும். கேபிள்கள் இழுத்தால் கூரை குடை மாதிரி மேலே போகும், விட்டால் மூடிக்கொள்ளும். பேப்பரில் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

கட்ட ஆரம்பித்தபிறகுதான் தெரிந்தது. அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி, சகலமும் விலையேற்றம். போட்டித் தேதியோ நகராது. நகராத தேதி ஒன்று இருந்தால் கான்ட்ராக்டர் கேட்பதுதான் விலை. முகூர்த்தத்துக்கு முதல்நாள் ராத்திரி வாழைத்தாருக்கு அலைந்தவர்களுக்கு இது புரியும். மேயரின் கையில் விட்டால் ஆகாது என்று 1975 நவம்பரில் கியூபெக் மாகாண அரசு கட்டுமானத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கனடாவின் மத்திய அரசு? துண்டு விழுந்தால் எங்களிடம் வராதே என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. புத்திசாலிகள்.

1976 ஜூலையில் போட்டி தொடங்கியபோது கோபுரம் பாதி நின்றது. கூரையே இல்லை.

போட்டி என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ருமேனியாவின் 14 வயது நாடியா கோமனெச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் முழுசாகப் பத்துக்குப் பத்து வாங்கினாள். பத்து என்று காட்டத் தெரியாத ஸ்கோர் போர்டு 1.00 என்று காட்டியது. தென்னாப்பிரிக்காவோடு ரக்பி ஆடிய நியூசிலாந்தை அனுமதித்ததை எதிர்த்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், வெளியேறின. நமக்கும் அங்கே ஒரு துக்கம் நடந்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைப் புல்லில் ஆடப்பட்டது மாண்ட்ரியலில்தான். முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்தியா அங்கே ஏழாவது இடம். ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கமே இல்லாமல் நாம் திரும்பியது அதுதான் முதல் தடவை.

விருந்து வைத்த கனடாவுக்கு? ஒரு தங்கம்கூட இல்லை. கோடை ஒலிம்பிக்கைச் சொந்த ஊரில் நடத்திவிட்டு ஒரு தங்கம்கூட வாங்காத ஒரே நாடு.

இப்போது லெட்ஜரைத் திறப்போம். 1970-ல் ஸ்டேடியத்துக்குப் போட்ட எஸ்டிமேட் 13.4 கோடி கனடா டாலர். வட்டி, ரிப்பேர் எல்லாம் சேர்த்துக் கடைசியாகக் கணக்கை மூடியபோது ஸ்டேடியத்துக்கு மட்டும் ஆன செலவு 160 கோடி டாலருக்கு மேல். சுமார் பன்னிரண்டு மடங்கு. கணக்கை மூடியது எப்போது தெரியுமா? 2006 கடைசியில். போட்டி முடிந்து முப்பது வருடம் கழித்து!

யார் கட்டினார்கள்? இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. கடனை அடைக்க 1976-ல் புகையிலைக்கு ஒரு சிறப்பு வரி போட்டார்கள். போட்டி நடந்த அன்றைக்குப் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அது வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கெட்ட சகவாசத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தபோது அதிலும் ஒலிம்பிக் வரி இருந்தது. அந்தப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தைப் பார்க்கவில்லை. நாடியாவைப் பார்க்கவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று அதை யாரும் கேட்கவுமில்லை. பில்லை மட்டும் நீட்டிவிட்டார்கள்.

வட்டமாக இருப்பதால் அந்த ஸ்டேடியத்துக்கு 'பிக் ஓ' என்று செல்லப்பெயர். அதே உச்சரிப்பில் ஆங்கிலத்தில் கடன் என்று இன்னோர் அர்த்தமும் வரும். மாண்ட்ரியல்காரர்கள் அந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் கூப்பிட்டார்கள்.

கூரையாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கோபுரமும் கூரையும் 1987-ல்தான் வந்து சேர்ந்தன. கூரை கிழிந்துகொண்டே இருந்தது. 1991-ல் 55 டன் கான்கிரீட் உத்தரம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே ஆளில்லை. கூரையைப் புதிதாக மாற்றினார்கள். 1999 ஜனவரியில் அதுவும் ஓரிடத்தில் கிழிந்து, உள்ளே கார் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர்கள் தலையில் பனி கொட்டியது. அங்கே ஆடிக்கொண்டிருந்த எக்ஸ்போஸ் என்ற பேஸ்பால் அணி 2004 சீசனோடு ஊரைவிட்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. 2024 பிப்ரவரியில் கியூபெக் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. புதுக் கூரை போடப்போகிறார்கள். செலவு 87 கோடி டாலர்!

கடன் முடிந்தது, கூரை முடியவில்லை.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்ட விஷயம் இன்னொன்று. நீதிபதி மலூஃப் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். 1980-ல் வந்த அறிக்கை, இத்தனைக்கும் முதல் காரணம் மேயர் டிராப்போதான் என்று விரல் நீட்டியது. அதற்கு முன் 1978-ல் நடந்த தேர்தலிலும் டிராப்போதான் ஜெயித்தார். அறிக்கைக்குப் பிறகு 1982-ல் நடந்த தேர்தலிலும் அவரேதான்! மக்களுக்கு மறதி என்று நாம் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரே மூக்கு மேல விரல வச்சிச்சுல்ல? அது போதும் அவர்களுக்கு.

சரி, ஒரு கல்யாணத்தில் மொய் வருமே? வராமலா. கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆனால் மொய் நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2014-ல் ஓர் ஒப்பந்தம் போட்டது. 2032 வரைக்குமான ஆறு ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவில் ஒளிபரப்பும் உரிமைக்கு 770 கோடி டாலர் சுமாருக்கு. இந்தப் பணத்தை வாங்குவது போட்டி நடத்தும் ஊர் அல்ல. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. அதில் ஒரு பங்கை ஊருக்குப் பிரித்துத் தருவார்கள். 1992-ல் பார்சிலோனாவுக்கு டி.வி. பணத்தில் பாதிக்கும் மேல் கிடைத்தது. 2004-லிருந்து பாதிக்கும் கீழே போய்விட்டது. மிச்சத்தில் பெரும்பகுதியை உலகம் பூராவும் விளையாட்டு அமைப்புகளுக்கே கொடுக்கிறோம் என்கிறது கமிட்டி. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நஷ்டம் வந்தால்? மூச்! அதற்கு ஊர்க்காரர்கள்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஜாமீன் கையெழுத்து என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மச்சினனுக்குப் போட்டுவிட்டு வீட்டை இழந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

'அப்ப யாருமே உருப்படியா நடத்தலையா சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நடத்தியிருக்கிறார்கள். நியாயமாகப் பேசினால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1948, லண்டன். உலகப்போர் முடிந்து மூன்று வருடம். சாப்பாட்டுக்கே ரேஷன். புது ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை. 1923-ல் கட்டிய வெம்ப்ளியிலேயே ஓட்டம் வைத்தார்கள். வீரர்கள் விமானப்படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்கினார்கள். துண்டு வேண்டுமா, ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு வா. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, வீட்டில் பாயசம் போட்டுக் கல்யாணத்தை முடிக்கிற மாதிரி. கணக்கு முடித்தபோது கையில் கொஞ்சம் லாபமும் நின்றது. அந்த எளிமையான போட்டியில்தான் சுதந்திர இந்தியா, நம்மை ஆண்ட பிரிட்டனை அதே வெம்ப்ளியில் நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தி ஹாக்கித் தங்கம் வாங்கியது. அந்தத் தங்கத்தின் ஜொலிப்பு, ஸ்டேடியம் பழசு என்பதால் ஏதாவது குறைந்ததா?

அடுத்தது 1984, லாஸ் ஏஞ்சல்ஸ். மாண்ட்ரியல் கதையைப் பார்த்து உலகமே மிரண்டுபோயிருந்த நேரம். போட்டிக்கு இருந்த டெஹ்ரானும் விலகிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணே இல்லை! லாஸ் ஏஞ்சல்ஸ் இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது. நகர மக்களிடம் 1978-ல் வாக்கெடுப்பு நடந்தது. வரிப்பணத்தில் கை வைக்கக்கூடாது என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். நஷ்டத்துக்கு நகரம் ஜாமீன் நிற்காது என்று கமிட்டியிடமே எழுதி வாங்கினார்கள். பீட்டர் யூபராத் என்ற தொழிலதிபர் பொறுப்பேற்றார். 1932 ஒலிம்பிக் நடந்த அதே பழைய கொலிசியம். நீச்சல் குளத்துக்கு மெக்டொனால்ட்ஸ் பணம் கொடுத்தது. டி.வி. உரிமைக்கு ஏ.பி.சி. 22.5 கோடி டாலர் கொடுத்தது. கடைசியில் 23 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

பார்த்தீர்களா, லாபம் என்று எல்லா நாட்டு அமைச்சர்களும் இதைக் காட்டித்தான் அடுத்த நாற்பது வருடம் பேசினார்கள். அந்த லாபத்துக்குக் காரணமான இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒன்று, புதிதாக எதையும் பெரிதாகக் கட்டவில்லை. இரண்டு, ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொரு வாதம் உண்டு. போட்டி வந்தால் ரோடு வரும், ரயில் வரும், பாலம் வரும், ஊர் முன்னேறும். இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது டோக்கியோ. 1964 அக்டோபர் 1 அன்று புல்லட் ரயில் ஓட ஆரம்பித்தது, 10-ம் தேதி ஒலிம்பிக். அடடா!

கொஞ்சம் தேதியைப் பாருங்கள். அந்த ரயில் பாதையின் வேலை தொடங்கியது 1959 ஏப்ரலில். டோக்கியோவுக்கு ஒலிம்பிக் கிடைத்தது 1959 மே மாதம். ஒலிம்பிக் வந்ததால் ரயில் வரவில்லை. ரயில் எப்படியும் வந்திருக்கும். பார்சிலோனா இன்னொரு உதாரணம். கடற்கரையும் சுற்றுச்சாலைகளும் மாறி நகரமே அழகானது நிஜம். ஆனால் அவர்கள் என்ன ஊர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒலிம்பிக்கை ஒரு சாக்காக வைத்துக்கொண்டார்கள். முக்கிய ஸ்டேடியம்கூட 1929-ல் கட்டியதைப் புதுப்பித்ததுதான். ஏதென்ஸுக்கு 2004-ல் புது மெட்ரோவும் விமான நிலையமும் இருந்தன, இன்றும் மக்கள் பயன்படுத்துகிறார்கள். சாஃப்ட்பால் மைதானத்திலோ புல் முளைத்தது. கிரேக்கர்கள் சாஃப்ட்பால் ஆடுவதில்லையே ஐயா!

ரோடு வேண்டுமென்றால் ரோடு போடுங்கள். ரோடு போட ஒரு கல்யாணம் எதற்கு?

சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள் என்பது அடுத்தது. 2012 ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு. கூட்டமாக இருக்கும், ரூம் வாடகை ஏறியிருக்கும் என்று வழக்கமாக வருகிறவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

கடைசியாக, கௌரவம். நாட்டின் மானம். இதற்கு எனக்கு பி.காம். உதவாது. ஆனால் ஒரே ஒரு தேதியைச் சொல்கிறேன். 1968 அக்டோபர் 2. மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள். ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் மீது அரசுப் படைகள் சுட்டன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை சர்ச்சை. பத்தாம் நாள் புறாக்களைப் பறக்கவிட்டு ஒலிம்பிக்கைத் தொடங்கினார்கள். விருந்தாளிகள் வரும் நேரத்தில் வீட்டுச் சண்டை வெளியே தெரியக்கூடாது என்கிற கௌரவம் இருக்கிறதே, அதைவிட ஆபத்தான கௌரவம் கிடையாது.

நம் வீட்டுக்கு வருவோம்.

1982 டெல்லி ஆசியாட். அந்த வருடம்தான் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அப்பு என்ற குட்டி யானை, புது மேம்பாலங்கள், நேரு ஸ்டேடியம், இந்திரா காந்தி உள்ளரங்கம். என் அப்பா இன்றைக்கும் பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்த தொடக்க விழாவைச் சொல்வார். நவம்பர் 19 தொடக்கம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பர் 18 அன்று, உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. அதை அப்பா சொன்னதில்லை. நம் பாடப் புத்தகமும் சொன்னதில்லை.

ஆசியாட் கட்டுமானங்களில் வேலை பார்த்தவர்கள் வெளி மாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. கான்ட்ராக்டர் அதைத் தொழிலாளி கையில் கொடுக்கவில்லை. ஜமாதார் என்ற தரகரிடம் கொடுத்தார். ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். பி.யு.டி.ஆர். என்ற மக்கள் உரிமை அமைப்பு இதை நீதிபதி பகவதிக்குக் கடிதமாக எழுத, கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியச் சட்ட மாணவர்கள் அத்தனை பேரும் படிக்கும் தீர்ப்பு அது.

என்னைக் கேட்டால் அந்த ஆசியாட் நாட்டுக்கு விட்டுப்போன மிகப் பெரிய சொத்து மேம்பாலங்கள் இல்லை. இந்தத் தீர்ப்புதான்.

பாடம் படித்தோமா? 2010-க்கு வாருங்கள். காமன்வெல்த் போட்டியை 2003-ல் கனடாவின் ஹாமில்டன் நகரத்தோடு மோதி வாங்கினோம். வரும் நாடுகளுக்கெல்லாம் பயிற்சிச் செலவுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னோம். தாம்பூலப் பையில் தங்கக் காசு! போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் நேரு ஸ்டேடியம் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். 2011-ல் சி.ஏ.ஜி. அறிக்கை சொன்ன மொத்தச் செலவுக் கணக்கு சுமார் 18,500 கோடி ரூபாய். அதே பி.யு.டி.ஆர். மற்ற அமைப்புகளோடு சேர்ந்து மறுபடி கோர்ட் படி ஏறியது. டெல்லி உயர்நீதிமன்றம் அமைத்த குழு போய்ப் பார்த்தது. மறுபடியும் கூலி மீறல்கள். 28 வருடம் கழித்து, அதே ஊரில், அதே கதை.

இன்னும் ஒன்று. பட்டியல் சாதி மக்களின் நலனுக்கென்று ஒதுக்கிய துணைத்திட்ட நிதியிலிருந்து பல நூறு கோடியைப் போட்டிச் செலவுக்கு மாற்றினார்கள். அது தவறு என்று அன்றைய மத்திய உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை என்று வேலைக்காரம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்துச் செலவழித்த மாதிரி.

போட்டியில் 38 தங்கம் உட்பட 101 பதக்கம் வாங்கினோம். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். பெண்கள் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியபோது நானும் கத்தினேன். அதை இல்லையென்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். ஆனால் கத்திய சந்தோஷத்தை வரவில் எழுதும்போது, இந்தப் பணத்தைப் பற்றில் எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

வேண்டாம் என்று சொன்ன ஊர்களே இல்லையா? உண்டு. முதல் மரியாதை அமெரிக்காவின் டென்வருக்கு. 1976 குளிர்கால ஒலிம்பிக் அவர்களுக்குக் கிடைத்தும்விட்டது. 1972-ல் கொலராடோ மாநில மக்களிடம் வாக்கெடுப்பு. நூற்றுக்கு அறுபது பேர் பணம் தரமாட்டோம் என்றார்கள். போட்டி இன்ஸ்ப்ரக்குக்குப் போனது. டென்வர் அழிந்துவிட்டதா என்ன? 2015-ல் ஹாம்பர்க் மக்கள், 2018-ல் கால்கரி மக்கள், எல்லோரும் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். 2023-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், எஸ்டிமேட் 260 கோடி டாலரிலிருந்து 600, 700 கோடிக்குப் போகிறது என்று சொல்லி 2026 காமன்வெல்த் போட்டியையே கைவிட்டது. விட்டதற்கே 38 கோடி நஷ்ட ஈடு கொடுத்தது. நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கிளாஸ்கோ பத்தே விளையாட்டுகளோடு சிக்கனமாக அதை ஏற்றுக்கொண்டது.

கவனித்தீர்களா? மக்களிடம் ஓட்டுக் கேட்ட இடங்களில் பல ஊர்கள் வேண்டாம் என்கின்றன. நம்மிடம் யாரும் கேட்பதில்லை.

2025 நவம்பரில் 2030-க்கான காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் 2024-லேயே விருப்பக் கடிதம் கொடுத்தாயிற்று. பத்திரிகை வந்தாயிற்று, மண்டபம் பார்த்தாயிற்று. இனிமேல் கல்யாணமே வேண்டாம் என்று அழுவதில் அர்த்தமில்லை. நானும் அழவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் நம் ஜனங்கள் முன்னால் ஓடி ஜெயிக்க வேண்டும் என்பது நல்ல ஆசைதான்.

நான்கு கேள்விகளுக்கு மட்டும் முதலிலேயே பதில் வேண்டும். முதல் எஸ்டிமேட் எவ்வளவு, அதை யாராவது பொதுவில் எழுதி வைப்பார்களா? துண்டு விழுந்தால் எந்தக் கஜானா ஜாமீன், எந்த வரியில் அது வசூலாகும்? மைதானத்துக்காக இடம்பெயர்கிறவர்கள் எங்கே போவார்கள்? செங்கல் சுமக்கிற பெண்ணின் கைக்குச் சட்டப்படியான கூலி முழுசாகப் போகுமா, நடுவில் ஒரு ரூபாய் குறையுமா?

தங்கப் பதக்கப் பட்டியல் மறுநாள் காலையே பேப்பரில் வந்துவிடும். இந்த நான்குக்குப் பதில் வர மாண்ட்ரியலில் முப்பது வருடம் ஆனது.

2030-ல் பிறக்கப்போகிற குழந்தைக்கு நாம் என்ன வைத்துவிட்டுப் போகிறோம்? ஓடிப் பழக ஒரு மைதானமா, இல்லை ஒரு பில்லா?

பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் நிச்சயம் வானத்தைத்தான் பார்த்திருப்பார்.